சில்லுவின் கொண்டை

குருவுக்கு வயது முப்பத்து நாலு, சீடருக்கு அறுபத்தொன்று. இதைக் கேட்டுப் பாளையங்கோட்டையில் சிரித்தவர்கள் உண்டு. இரும்புக்கடை உலகநாதன் அண்ணாச்சி அதைக் கண்டுகொள்ளவில்லை. கேமரா தெரிந்தவளிடம்தானே கேமரா கற்க முடியும்?

பேராச்சி கிளிகளைப் படம் எடுப்பவள். வீட்டில் ஏழு வெளிநாட்டுக் கிளிகள் வளர்த்தாள். அண்ணாச்சி ஞாயிறுதோறும் அவளிடம் பாடத்துக்கு வருவார்.

அந்த ஞாயிறு வந்தவரின் முகம் சரியில்லை.

"சட்டை பளிச்சுனு இருக்கே அண்ணாச்சி" என்றாள் பேராச்சி.

"ஒம்பது நாளா அப்படித்தான் டீச்சர். சில்லு என் தோளுக்கே வரமாட்டேங்கு."

சில்லு அவர் வளர்க்கும் காக்கட்டீல் கிளி. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், தலையில் ஒரு கொண்டை. இரண்டு வருடமாக அவருடைய இடது தோள்தான் அதற்கு வீடு. தூங்குவதும் அங்கேதான், எச்சமிடுவதும் அங்கேதான். கறையைத் தேய்த்துத் தேய்த்து அவர் மனைவி திட்டாத நாள் இல்லை. இப்போது கையில் தினையை நீட்டினாலும் சில்லு கூண்டின் மறுகோடிக்குப் போய்விடுகிறது.

"தூரத்துலேர்ந்து எடுக்கிற லென்சு ஏதாவது சொல்லுங்க. பக்கத்துல வராட்டியும், படத்துலயாவது பக்கத்துல பாத்துக்கிடுதேன்" என்றார்.

பேராச்சி அவருடைய கேமராவை வாங்கிப் பார்த்தாள். நூற்றுக்கு மேல் படங்கள். எல்லாவற்றிலும் கொண்டை செங்குத்தாக நின்றது.

"எப்படி அண்ணாச்சி, ஒரு படத்துலகூட கொண்டை படியவே இல்ல?"

அவ்வளவு வருத்தத்திலும் மனிதருக்குப் பெருமை வந்துவிட்டது. மடியிலிருந்து கடைச் சாவிக்கொத்தை எடுத்தார்.

"கேமராவுக்குப் பின்னால நின்னு இதை ஒரு குலுக்கு. சட்டுனு நிமிரும். கிரீடம் வச்ச ராசா மாதிரி இருக்கும்."

"ஒரு படத்துக்கு எத்தனை குலுக்கு?"

"நாலஞ்சு ஆவும்."

பேராச்சி கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். தன் கிளிகளுக்குக் கேட்காதபடி அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப்போனாள். எவர்சில்வர் தட்டில் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் டம்ளரை வாயில் வைத்ததும் தட்டைத் தரையில் போட்டாள். அண்ணாச்சி துள்ளி எழுந்தார். வேட்டியெல்லாம் காபி. அந்த நொடியில் படம் எடுத்துவிட்டாள்.

அதைக் காட்டினாள். முழி பிதுங்கியிருந்தது. தோள் இரண்டும் காதைத் தொட்டன. தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் எழுந்து நின்றன.

"கம்பீரமா இருக்கீங்க அண்ணாச்சி. இன்னும் நாலு எடுப்போமா?"

"என்ன டீச்சர் இது, எனக்கு உசுரே போயி..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். படத்தைப் பார்த்தார். சாவிக்கொத்தைப் பார்த்தார். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"நூறு படம் எடுத்திருக்கேனே, பாவி."

சாவிக்கொத்தைத் தரையில் தள்ளி வைத்தார்.

"இனி என்ன செய்யணும்?"

"கேமராவ மூடி போட்டு மடியில வச்சுக்கிடுங்க. கூண்டத் தொறந்துவிட்டுட்டுப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிங்க. சில்லுவப் பாக்காதீங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அதை சில்லுட்டல்லா கேக்கணும்."

"சாவி?"

"மதினிட்ட குடுத்துவைங்க."

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பேராச்சி வாசலைப் பார்த்தபடியே இருந்தாள்.

ஒரு புதன்கிழமை காலை, ஸ்கூட்டரை ஸ்டாண்டுகூடப் போடாமல் மதிலில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார்.

"வந்துட்டு டீச்சர்! சில்லு வந்துட்டு!"

"உக்காந்து சொல்லுங்க."

உட்காரவில்லை. "மொதல்ல பேப்பர் ஓரத்தக் கிழிச்சுச்சு. நான் பாக்கவே இல்ல. பொறவு கேமரா மேல ஏறிக்கிட்டு அதோட பட்டையக் கடிச்சுச்சு. அப்பவும் பாக்கல. கடைசியில சட்டைக் கையப் பிடிச்சு ஏறித் தோளுக்கு வந்துட்டு. தலையக் குனிஞ்சு சொறியச் சொல்லுது டீச்சர்!"

"கொண்டை?"

"பின்னால படிஞ்சு கெடந்துச்சு. கண்ணு பாதி மூடிட்டு."

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே அழுதார். பேராச்சிக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. கற்றுக்கொடுத்தது பலிக்காமல் போய்விடுமோ என்று அவளும் பதினேழு நாளாகப் பயந்துகொண்டுதான் இருந்தாள்.

கண்ணைத் துடைத்ததும் அண்ணாச்சிக்கு ஒரு குறை நினைவுக்கு வந்தது.

"ஒரு கையில பேப்பர், ஒரு கையால சொறிஞ்சுக்கிட்டு இருந்தேன். கேமரா மடியிலயே கெடந்தும் எடுக்கத் தோணல. இம்புட்டு நடந்தும் காட்டுததுக்கு ஒரு படம் இல்லயே டீச்சர்."

பேராச்சி அவருடைய இடது தோளைப் பார்த்தாள்.

"சட்டையில இருக்கே அண்ணாச்சி."