முரசில் இல்லாத கொட்டு

"சாமி, பீரங்கியை ஜெயிக்க ஒரு யுக்தி சொல்லணும்."

கேட்டவர் மேலக்கரட்டுப் பாளையத்தின் தளவாய் சங்குமுத்து. படை நடத்துவதில் பழுத்த மனிதர்.

சொல்ல வேண்டியவர் கோயில் நந்தவனத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த பண்டாரம். தளவாயின் வயதில் பாதிகூட இருக்காது. ஆனாலும் மனசு கலங்கினால் தளவாய் அவரிடம்தான் வந்து நிற்பார்.

கலங்காமல் என்ன செய்வார்? போன மாதம் எதிரியின் கோட்டையில் ஏறப் போய் மூத்த மகன் மாண்டான். நாளை அதே கோட்டைக்கு மறுபடி போகிறார்கள். முன்வரிசையில் இளையவன் ராக்கன். இனி அவருக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

தளவாய் மணலில் கோடு கிழித்தார்.

"பீரங்கி தெற்கே இருக்கு. நாங்க ஓடை வழியா வடக்கே ஏறுவோம்."

பண்டாரம் எட்டிப் பார்த்தார். "நல்ல யோசனைதான். ஏறச் சொல்ல என்ன செய்வீர்?"

"முரசுல ஒரு கொட்டு இருக்கு."

"பிரிஞ்சு நிக்க?"

"அதுக்கு ஒண்ணு."

"திரும்பி வர?"

தளவாய் மீசையை நீவிக்கொண்டார். "எங்க பாளையத்து முரசுல அப்படி ஒரு கொட்டே கிடையாது சாமி."

பெருமை பிடிபடவில்லை அவருக்கு.

"அப்ப போனவங்க எப்படித் திரும்புவாங்க?"

"ஜெயிச்சுட்டுத் திரும்புவாங்க."

"போன மாசம்?"



பண்டாரம் அடுத்த பூவை எடுத்தார்.

"யுக்தி கேட்டேனே சாமி."

"கேட்டீர். நானும் ஒண்ணு கேட்டேன்."

இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தளவாய்க்குச் சுருக்கென்றது. கும்பிடக்கூட மறந்து போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் முரசு கொட்டியது. ஓடை வழியாக ஆட்கள் ஏறினார்கள். தளவாய் பின்னால் ஒரு மேட்டில் நின்று பார்த்தார்.

வடக்குச் சுவரிலும் பீரங்கி வெடித்தது.

எதிரியும் யோசிக்கத் தெரிந்தவன்தானே. அதை மட்டும் தளவாய் மணலில் கிழிக்கவில்லை.

முன்னால் போனவர்கள் விழுந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் அவர்களைத் தாண்டி ஓடினார்கள். நில் என்று சொல்ல யாருமில்லை. புகைக்குள் ராக்கனின் சிவப்புத் தலைப்பாகை தெரிந்தது, மறைந்தது.

முரசடிப்பவன் திரும்பிப் பார்த்தான். "என்னய்யா கொட்டட்டும்?"

தளவாய் முரசையே பார்த்தார்.

"நான் எதைக் கொட்டினாலும் ஏறுங்கன்னுதான் நினைப்பாங்கய்யா" என்றான் அவன். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

தளவாய் மேட்டிலிருந்து பின்பக்கமாக இறங்கி ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கீழே, படைக்குக் கஞ்சி காய்ச்சும் இடம். சமையற்காரன் கையிலிருந்த இரும்புக் கரண்டியைப் பிடுங்கினார். ஓரமாகக் கிடந்த காலி வெண்கலக் கொப்பரையை மேட்டின்மேல் தூக்கி வரச் சொன்னார்.

தானே அடித்தார்.

கணீர் கணீர் என்று ஓடை முழுக்கக் கேட்டது. தினமும் பசி நேரத்தில் கேட்கும் சத்தம்.

ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கால்கள் தாமாகத் திரும்பின. விழுந்துகிடந்தவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கோட்டைமேல் ஒரே சிரிப்பு. "போய்க் கஞ்சி குடிங்கடா!" என்று கத்தினார்கள்.

தளவாய் நிறுத்தவில்லை. கண்ணீர் மீசையில் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. கடைசி ஆள் மேடேறும்வரை அடித்தார்.

கடைசி ஆள் ராக்கன். தோளில் ரத்தம். மூச்சு வாங்கியது. கொப்பரையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னப்பா, அதுக்குள்ள கஞ்சி வெந்துருச்சா?"

"இன்னும் இல்லடா" என்றார் தளவாய். "உக்காரு. வெந்துரும்."