வெற்றிலை எடுத்த சபை

ராஜாக்களுக்குப் பஞ்சமில்லாத ஒரு காலத்தில் நெடுங்கரை நாட்டை மகரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. காலையில் ஒன்று சொல்வார், சாயங்காலம் வேறொன்று சொல்வார், நடுவில் நன்றாகச் சாப்பிடுவார். அவரிடம் இருபத்திரண்டு வருஷமாக அமைச்சராகக் குப்பை கொட்டிவந்தவர் ஒருபாகர்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பொதுப்பணத்தில் சித்திரம் எழுதினாலும், சிலை வைத்தாலும், கட்டடத்துக்குப் பெயர் சூட்டினாலும் ஒன்பது பெருமக்கள் கொண்ட சபை சம்மதிக்க வேண்டும். ஓலை வாசிக்கும்போது வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். எடுத்தால் சம்மதம், எடுக்காவிட்டால் இல்லை. வாயில் போட்ட பிறகு பேச்சை மாற்ற முடியாது. ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். ஆனால் சபை கூடுவது அரண்மனை விருந்துக்குப் பிறகு. வயிறு நிறைந்தவனுக்கு வெற்றிலை வேண்டும், ஓலை எதற்கு? அத்தனை வருஷமும் தட்டு காலியாகத்தான் திரும்பியது. ஓலையைக் காது கொடுத்துக் கேட்டவர் ஒருபாகர் ஒருவர்தான். மனிதர் அலுத்துப் போயிருந்தார்.

சபை ஓலையைக் கேட்பதில்லை என்பதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர் இரத்தினராயர். ராஜாவின் பக்கத்திலேயே உட்காரும் பிரபு. ஒருபாகரைக் கண்டால் அவருக்கு ஆகாது.

ஆற்றுத்துறையில் ஒரு சத்திரம் இருந்தது. ஓடக்காரர், உப்பு வண்டிக்காரர், வழிப்போக்கர் என்று யார் வந்தாலும் குருவம்மாள் சோறு வடித்துப் போடுவாள். சுவரில் பெயர்கூடக் கிடையாது. ஒருநாள் விருந்து முடிந்த கையோடு இராயர் ஓலை கொண்டுவந்தார். சத்திரம் இனி இரத்தினராயர் மண்டபம். சுவரெல்லாம் அவருடைய வீரச் செயல்களைக் கருவூலச் செலவில் சித்திரமாக எழுத வேண்டும். புகை பட்டால் சித்திரம் கெடும், ஆகவே தைப் பௌர்ணமியன்று சத்திரத்து அடுப்பை அணைக்க வேண்டும். ஒருபாகர் எழுந்து மறுத்துப் பார்த்தார். அதற்குள் தட்டு காலி.

குருவம்மாள் அமைச்சரைத் தேடி வந்தாள்.

"பேரை என்ன வேணும்னாலும் வச்சுக்கட்டும் சாமி. அடுப்பை அணைச்சா, பசியோட வர்றவன் எதைத் திம்பான்? படத்தையா?"

ஒருபாகர் ராஜாவிடம் போய், சபை ஓலையைக் கேட்காமலேயே சம்மதித்துவிட்டது என்றார். பக்கத்திலிருந்த இராயர் சிரித்தார். "அமைச்சருக்கு வயதாகிவிட்டது அரசே. தம்மைத் தவிர எல்லோரும் தூங்குவதாக அவருக்குத் தோன்றுகிறது."

ராஜாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. "பௌர்ணமிக்குள் நிரூபியும் ஒருபாகரே. முடியாவிட்டால் அந்த அடுப்பில் நீரே உம் கையால் தண்ணீர் ஊற்ற வேண்டும்."

பௌர்ணமிக்கு முந்தின நாள் பெரிய விருந்து. அதிரசம், இரண்டு வகைப் பாயசம். ராஜாவும் அன்று சபையிலேயே சாய்ந்திருந்தார். ஒருபாகர் ஓர் ஓலையை எடுத்து, வழக்கமான அதே சலிப்பான குரலில் வாசித்தார். மறைக்கவுமில்லை, விழுங்கவுமில்லை, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். தட்டு சுற்றி வந்தது. ஒன்பது பேரும் எடுத்தார்கள். ராஜாவும் எடுத்தார். இராயர் இரண்டாக எடுத்தார்.

விடிந்தது. ராஜா குளிக்க வெந்நீர் கேட்டார், இல்லை. பலகாரம் கேட்டார், அதுவும் இல்லை. தலைமைச் சமையற்காரன் முந்தின நாள் சபை சம்மதித்த ஓலையை நீட்டினான். அரண்மனைச் சுவரிலும் சித்திரங்கள் இருப்பதால் இன்று விடியற்காலை முதல் அங்கே அடுப்பு எரியக் கூடாது, சபையார் வீடுகளிலும் இராயர் வீட்டிலும் அப்படியே, அரண்மனைக்கு இனிமேல் குருவம்மாள் மாளிகை என்று பெயர் என எழுதியிருந்தது.

ராஜா ஒருபாகரைக் கூப்பிட்டுக் கத்தினார். நேற்று அரசரும் வெற்றிலை எடுத்தாரே என்று ஒருபாகர் நினைவுபடுத்தினார். உச்சிப் பொழுது வரை ராஜா வீறாப்பாக இருந்து பார்த்தார். பிறகு, அழைப்பில்லாமல் போய்ச் சாப்பிடக்கூடிய இடம் ஏதாவது உண்டா என்று மெதுவாகக் கேட்டார். ஒன்றே ஒன்று இருக்கிறது என்றார் அமைச்சர்.

ராஜாவும் ஒன்பது பெருமக்களும் இராயரும் சத்திரத்துக்கு நடந்து போனார்கள். குருவம்மாளுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. "கூட்டம் ஜாஸ்தி மகாராசா. இலையை நீங்களே போட்டுக்குங்க."

சுடுசோறு, சுரைக்காய்க் கூட்டு, புளிக்குழம்பு. ஓடக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ராஜா மூன்று முறை சோறு வாங்கினார். ஒருபாகர் சாப்பிடவில்லை. ஒரு குடம் தண்ணீரோடு அடுப்போரம் நின்றார்.

"என்ன ஓய் அது?" என்றார் ராஜா.

"சாப்பிட்டு முடித்ததும் சொல்லுங்கள் அரசே. இன்று பௌர்ணமி. இந்த அடுப்பை அணைக்க வேண்டும்."

ராஜாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. வரிசையில் இருந்த ஓடக்காரர்களைப் பார்த்தார். ஒன்பது பேரையும் பார்த்தார், ஒருவரும் நிமிரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. "நானும் ஓலையைக் கேட்கவில்லை," என்றார்.

அங்கேயே சபை கூடியது. ஓலையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தம் வாயால் சொன்ன பிறகுதான் இனி வெற்றிலை என்று ராஜா விதித்தார். கேட்காமல் மென்ற வெற்றிலை செல்லாது என்றும் சொன்னார். அப்படி ஒவ்வொருவரும் வாயால் சொல்லித்தான் பழைய ஓலைகள் இரண்டையும் தள்ளினார்கள். சித்திரம் கிடையாது, அரண்மனைக்குப் பழைய பெயரே, எல்லா அடுப்பும் எரியலாம். இராயர் முகம் தொங்கிப்போனது.

"வருத்தப்படாதீர் இராயரே. உம் பெயர் இங்கே இருக்கட்டும்," என்றார் ராஜா. "நல்ல வண்ணத்தில், பெரிய எழுத்தில், இந்த அடுப்புக்கு நேர் மேலே எழுதச் சொல்கிறேன்."

ஒருபாகருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். இரண்டு நாள் தூங்க வேண்டும் என்றார் அவர். ஒருநாள்தான் கிடைத்தது.

பங்குனியில் இராயர் மறுபடி ஓர் ஓலை கொண்டுவந்தார். சத்திரத்தில் அடுப்புப் புகையில் மங்கிய பெயரைப் பொன் பூசிப் புதுப்பிக்கக் கருவூலம் பணம் தர வேண்டுமாம். ஒன்பது பேரும் அதை ஒப்பித்தார்கள். பிறகு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக, ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்.

"நேற்றுகூட அங்கே சாப்பிட்டேனே. சுவரில் ஏதாவது பெயர் இருந்ததா என்ன?"

தட்டு சுற்றி வந்தது. ஒரு வெற்றிலைகூடக் குறையாமல் ஒருபாகர் முன்னால் வந்து நின்றது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.