சுற்றாத கிரைண்டர்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்தொன்று. இதில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் எங்கள் சங்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில், பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி வீடும் ரயிலும் கப்பலும் கட்டி விளையாடும் பெரியவர்கள் கொஞ்சம் பேர். ‘விளையாடும்’ என்று சொன்னால் எங்களில் சிலருக்குக் கோபம் வரும். எனக்கு வராது. பிள்ளைகளுக்கு என்று சொல்லி வாங்கி, தானே உட்கார்ந்து கட்டிவிட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துக்கொள்ளும் கூட்டம் நாங்கள்.

குருவின் பெயர் பூங்கொடி. கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பார்வை சோதிப்பவர். “இதுல தெளிவா இருக்குதுங்களா, அதுலயா?” என்று பகலெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, இந்தக் கட்டைச் செட்டுகளைப் பற்றி இணையத்தில் விமர்சனம் எழுதுவார். எல்லாம் சின்னச் சின்னக் கட்டுரைகள். அவற்றைப் படித்துவிட்டு, எப்போதோ கட்டி முடித்த செட்டை அலமாரியிலிருந்து இறக்கி மறுபடி பார்த்திருக்கிறேன். என் கண்ணெதிரே இருந்தும் நான் பார்க்காத ஒன்றை எழுதியிருப்பார். பொறாமை வந்திருக்க வேண்டும். ஏனோ சந்தோஷம்தான் வந்தது.

சீடர், பேராசிரியர் குழந்தைவேலு. கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். விடைத்தாள் திருத்துவதில் பெயர் போன கறார். கட்டுவதிலும் அப்படியே. அவர் அழுத்திப் பொருத்திய இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நகம் நுழையாது. சங்கத்தில் யாருடைய கோபுரம் ஆடினாலும் சாரைத்தான் கூப்பிடுவோம். விமர்சனம் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவரே பூங்கொடியைத் தேடி வந்தார். நேரில் “அம்மிணி” என்பார். எங்களிடம் “குருநாதர் என்ன சொல்றாங்க?” என்று கேட்பார்.

அந்தச் சமயத்தில்தான் கிரைண்டர் வந்தது.

பீளமேட்டில் ஜாஸ்மின் என்ற பெண்ணும் அவர் கணவரும் பார்த்த வேலையை விட்டுவிட்டு, கட்டைகளை வார்க்கச் சொந்தமாக அச்சு செய்து, ‘குட்டிக்கல்’ என்ற பெயரில் ஒரு செட் கொண்டு வந்திருந்தார்கள். கோயம்புத்தூருக்குப் பொருத்தமாக, வெட் கிரைண்டர். பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் ட்ரம் சுற்றும். உள்ளே கற்கள் உருளும். பெட்டியின் படத்தைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட ஆசை வந்தது.

இன்னும் பத்து நாளில் பொம்மைக் கடைக்காரர்கள் வந்து பார்க்கும் கண்காட்சி. அவர்கள் பூங்கொடி எழுதுவதைப் படிப்பவர்கள். அவருடைய இணையப் பக்கத்தில் நல்லதாக வந்தால் கடைகள் எடுக்கும். கெட்டதாக வந்தால் குட்டிக்கல்லின் முதல் செட்டே கடைசி செட். ஒரு ஞாயிறு சங்கத்துக்கு வந்து பெட்டியைப் பூங்கொடியிடம் கொடுத்த ஜாஸ்மின் இதை ஒளித்துப் பேசவில்லை.

“உள்ளதை எழுதுங்கக்கா. ஆனா கண்காட்சிக்கு முன்னாடி எழுதிருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூங்கொடி பெட்டியை அப்படியே சாரின் பக்கம் நகர்த்தினார்.

“இதை நீங்க எழுதுங்க சார். என் பக்கத்துலயே போடலாமுங்க.”

சாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். முதல் மார்க் வாங்கிய மாணவன்கூட அவ்வளவு பூரித்திருக்க மாட்டான்.

அடுத்த ஞாயிறு, வடவள்ளியில் பூங்கொடியின் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. கடன் வாங்கிய ஒரு ரயில் செட்டைத் திருப்பிக் கொடுக்க நானும் போயிருந்தேன். சார் கட்டி முடித்த கிரைண்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கச்சிதமான வேலை. ஒரு மூலைகூடப் பிசகவில்லை. ஆனால் சார் முகத்தில் களை இல்லை.

மேஜைமேல் அதை வைத்துவிட்டு, போனை எடுத்து, எழுதியதைப் படித்தார்.

“கருத்து நன்று. தோற்றம் மிக நன்று. ஆனால் சுற்றாத கிரைண்டரைக் கிரைண்டர் என்று ஒப்புக்கொள்ள முடியாது. கைப்பிடியைச் சுற்றினால் ட்ரம் சிக்குகிறது. பலம் கொடுத்தால் பல்சக்கரம் தாவுகிறது. வடிவமைத்தவர்கள் தங்கள் பொருளைத் தாங்களே ஒருமுறை சுற்றிப் பார்த்தார்களா என்பது சந்தேகம். வாங்க வேண்டாம்.”

“பாஸ் மார்க் கூடப் போடலீங்களா சார்?” என்றேன்.

“பாஸாகலையே. நான் என்ன பண்ணட்டும்?”

போனைக் கவிழ்த்து வைத்தார். பூங்கொடியைப் பார்த்தார்.

“அம்மிணி, ஒரு கேள்வி. இதை எழுதினதுலிருந்து அந்தப் பொண்ணு மொகமே கண்ணு முன்னாடி நிக்குது. எழுதறவன் யாருக்கு நியாயமா இருக்கோணும்? செஞ்சவங்களுக்கா? வாங்கறவங்களுக்கா?”

பூங்கொடி கைப்பிடியைச் சுற்றினார். ட்ரம் கொஞ்சம் நகர்ந்து நின்றது. மறுபடி சுற்றினார். டக்கென்று சத்தம்.

“சிக்குதுங்க” என்றார்.

“அதைத்தான் எழுதியிருக்கேன்.”

“சரியாத்தான் எழுதியிருக்கீங்க.”

“அப்பப் போட்டறலாமா?”

“பிரிச்சிட்டுப் போடலாமுங்க.”

சாருக்குப் புரியவில்லை. “எதை?”

“கிரைண்டரை.”

“கட்டினதைப் பிரிக்கறதா?”

எங்கள் கூட்டத்தில் அது கெட்ட வார்த்தை. கட்டினால் கண்ணாடிக்குள் வைப்போம், தூசி தட்டுவோம், வருகிறவர்களுக்குக் காட்டுவோம். பிரிக்க மாட்டோம்.

“நான் பிரிச்ச பொறகுதானுங்க எழுதுவேன்” என்றார் பூங்கொடி.

அப்போதுதான் நான் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். இத்தனை வருஷம் எழுதுகிறவர் வீட்டில் கட்டி வைத்த செட் ஒன்றுகூட இல்லை. இடப் பற்றாக்குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செட்டோடு வந்த கையேட்டைக் கடைசிப் பக்கத்தில் திறந்து சாரின் முன்னால் வைத்தார்.

“பின்னாலிருந்து வாங்க சார். அந்தந்தப் பக்கத்துல எதை வெச்சீங்களோ, அதை மட்டும் எடுங்க.”

சார் ஆரம்பித்தார். முதல் கட்டையே வரவில்லை. கட்டை பிரிப்பதற்கென்று செட்டோடு வரும் சின்ன நெம்புகோலும் வழுக்கியது. அவர் அழுத்திய அழுத்து அப்படி. நகம் வலித்துக் கையை உதறினார்.

“யாரு இப்படி மாட்டினது?” என்று முனகினார். பூங்கொடி சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

கற்கள் வெளியே வந்தன. அவற்றுக்கு அடியில், ட்ரம்மின் தரையில், சின்னச் சின்ன வெள்ளைக் கட்டைகள் ஒழுங்கில்லாமல் பதிந்திருந்தன. சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“இதென்ன?”

விரலால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். அவரே சொன்னார்.

“மாவு.”

“ஆமாங்க.”

“நான்தானே இதை வெச்சேன். வெக்கறப்போ மாவுன்னு தோணலையே.”

“கட்டறப்போ நாம எப்பவும் அடுத்த பக்கத்தைத்தானுங்க பாத்துட்டிருப்போம்.”

சார் அதற்குப் பிறகு மெதுவாகப் பிரித்தார். ட்ரம் முழுக்க வந்தது. கைப்பிடியும் அடிப்பாகத்தின் சுவர்களும் வந்தன. எல்லாம் சாம்பல் நிறம். நடுவில் ஒரே ஒரு ஆரஞ்சுக் கட்டை.

“இது எதுக்கு? மூடினதுக்கப்புறம் வெளிய தெரியப்போறதில்லையே. கலர் தீந்துபோச்சா?”

பூங்கொடி அந்த ஆரஞ்சுக் கட்டையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு, மீதியைச் சாரின் முன்னால் திருப்பித் திருப்பி வைத்தார்.

“எதுங்க சார் முன்பக்கம்?”

சார் பார்த்தார். நாலு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. ஒரு பக்கத்தைக் காட்டினார். உடனே கையை இழுத்துக்கொண்டார்.

பூங்கொடி கையைத் திறந்து கட்டையைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தார். இப்போது குழந்தைக்கும் தெரியும், எது முன்பக்கம் என்று.

“கட்டறப்போ நான் ஒரு தடவைகூடத் தடுமாறலை” என்றார் சார். குரல் இறங்கியிருந்தது.

நாங்கள் எங்கே குழம்புவோம் என்று, நாங்கள் பெட்டியைத் திறப்பதற்கு எவ்வளவோ முன்னால், பீளமேட்டில் ஒருத்தி உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியாமலே கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறாள். அந்தப் பெண்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

கையேட்டில் சில பக்கங்கள்தான் மிச்சம். ட்ரம் உட்காரும் வட்டத் தட்டு, அதன் நடுவிலிருந்து அடித்தட்டின் ஓட்டை வழியாகக் கீழே இறங்கும் அச்சுத்தண்டு. தண்டு மேலே கிளம்பி வந்துவிடாமல், அடியில் ஒரு சின்ன வளையம். சார் வளையத்தை இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். துளி நகர்ந்தது.

“நில்லுங்க சார். இப்பச் சுத்துங்க.”

சார் கைப்பிடியை மறுபடி செருகித் திருப்பினார். வட்டத் தட்டு சத்தமில்லாமல் சுற்றியது.

அவர் வளையத்தை அடித்தட்டோடு ஒட்ட மறுபடி அழுத்தினார். நின்றது. இழுத்தார். சுற்றியது. அழுத்தினார், இழுத்தார். எத்தனை முறை செய்தாரோ, எனக்கே பாவமாக இருந்தது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அம்மிணி?”

“எனக்கெப்படிங்க தெரியும்? பிரிச்சாத்தானே தெரியுது.”

சார் போனை எடுத்து எழுதியதையெல்லாம் அழித்தார்.

“ஒரு குத்தமும் இல்லாத செட்டை ஃபெயில் பண்ணப் பாத்தேன். அந்தப் புள்ளைக பொழப்பைக் கெடுத்திருப்பேன்.” வேகமாகத் தட்டினார். தட்டியதைப் படித்தார். “மிகச் சிறந்த செட். குறையே இல்லை. நூற்றுக்கு நூறு. போட்டறட்டுமா?”

பூங்கொடி கையேட்டை அவர் பக்கம் திருப்பினார்.

“படத்துல வளையம் எங்கீங்க இருக்குது?”

சார் குனிந்து பார்த்தார். “அடித்தட்டை ஒட்டி.”

“நீங்க எங்க வெச்சீங்க?”

“ஒட்டித்தான் வெச்சேன்.”

“வாங்கறவங்க எங்க வெப்பாங்க?”

சார் போனைக் கீழே வைத்தார்.

பூங்கொடி ஜாஸ்மினைப் போனில் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி போனை மேஜைமேல் வைத்தார். விஷயத்தைச் சொன்னார்.

“ஆமாங்கக்கா, கொஞ்சம் எடம் விட்டுத்தான் வளையத்தை மாட்டுவோம்” என்றார் ஜாஸ்மின். “எங்களுக்குக் கை பழகிருச்சு. அதைப் படத்துல காட்டோணும்னு தோணவே...” பேச்சு அங்கே நின்றது. “கையேடு எல்லாம் பெட்டிக்குள்ள போட்டு ஒட்டியாச்சுங்கக்கா. அத்தனையும். கண்காட்சிக்கு வேன்லயே ஏத்தப்போறாங்க.”

“கண்ணு, நான் குழந்தைவேலு பேசறேன்” என்றார் சார். “செட்டு நல்ல செட்டு கண்ணு.”

“சுத்தலையேங்க சார்” என்றார் ஜாஸ்மின். அழுகிறார் என்று தெரிந்தது. பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.



“எவ்வளவு விட்டாச் சுத்துதுங்க சார்?” என்று கேட்டார் பூங்கொடி.

சார் வளையத்தை எடுத்தார். இதில் அவர் வேறு மனிதர். ஆய்வுக்கூடத்தில் நிற்பவர் போல ஆகிவிட்டார். ரொம்ப விட்டுப் பார்த்தார்; வட்டத் தட்டு தள்ளாடியது. குறைத்தார், சிக்கியது. சட்டைப்பையிலிருந்த விசிட்டிங் கார்டை அடித்தட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். அதுவும் அதிகம். கடைசியில் கையேட்டையே எடுத்து, ஒரு தாளின் மூலையை நடுவில் செருகி, தாளோடு சேர்த்து வளையத்தை அழுத்தி, தாளை உருவினார்.

சுற்றினார். ஆட்டமும் இல்லை, சிக்கலும் இல்லை.

“ஒரு தாள் கனம்” என்றார். “கையேடு எல்லாப் பெட்டியிலயும் இருக்குதே.”

அந்த அடித்தட்டின்மேல் கிரைண்டரை மறுபடி கட்டினார். இந்த முறை அவசரப்படவில்லை. ஆரஞ்சுக் கட்டையை வைக்கும்போது ஒரு கணம் விரலை அதன்மேலேயே வைத்திருந்தார். மாவை வைத்தார். கற்களை வைத்தார். கைப்பிடியைச் சுற்றினார். ட்ரம் சுற்ற, கற்கள் உருள, நடுநடுவே வெள்ளை தெரிந்து தெரிந்து மறைந்தது. வீட்டில் உளுந்து அரைக்கும்போது பார்ப்பதேதான். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு அழகான பொருள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சார் கையை எடுத்தார். போனை எடுத்தார். எழுதாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

“சுத்தி வந்து மறுபடி அதே எடத்துல நிக்கறேன் அம்மிணி. நல்லாருக்குன்னு எழுதினா, வாங்கறவன் கட்டிட்டுச் சுத்தலைன்னு திட்டுவான். சுத்தாதுன்னு எழுதினா, அந்தப் புள்ளைக கண்காட்சிக்கே போக வேண்டியதில்லை. ரெண்டும் உண்மை. யாருக்கு நியாயமா இருக்கட்டும்? முதல்ல எதை எழுதட்டும், குறையையா, நிறையையா?”

பூங்கொடி கையேட்டில் அந்த மூலை மடங்கிய பக்கத்தை விரலால் நீவிவிட்டார்.

“தாளை எங்க வெச்சு உருவோணும்னு எழுதுங்க சார். அவங்கவங்க வீட்டுல கிரைண்டர் சுத்தட்டும். நல்லாருக்குதுன்னு அவங்களே சொல்லிக்குவாங்க.”