மூவர் காத்த மௌனம்

இந்த வழக்கு எந்தக் கோர்ட்டு வாசலையும் மிதிக்கவில்லை. கோவில்பட்டியில் ஒரு வீட்டின் முன்னறையில் அரை மணி நேரத்தில் நடந்து முடிந்தது. தீர்ப்பு மட்டும் பாக்கி. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

செண்பகவல்லி பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாகத் தேறியவள். அந்தப் பள்ளியின் பலகையில் அவள் பெயர் இன்றும் இருக்கிறது. மில்லில் ஃபிட்டராக இருக்கும் சண்முகராஜுக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே மகளைப் பெற்றாள். பெயர் தனுஜா. பாடத்தை யாராவது வாசித்துக் காட்டினால் வரி பிசகாமல் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ‘படகு’ என்பதைப் ‘பகடு’ என்பாள். எழுதச் சொன்னால் பாதி எழுத்துக்குக் கொம்பும் இருக்காது, காலும் இருக்காது. திமிர் என்றுதான் தாய் நினைத்தாள். ஸ்கேலால் அடித்தாள். ஒருநாள் ஸ்கேல் உடைந்தது, எழுத்து திருந்தவில்லை.

தனுஜா ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, அவள் வகுப்பு ஆசிரியை ஜெசிந்தா டீச்சர் தாயை அழைத்துப் பேசினார். “கோவிச்சுக்காதீங்கம்மா. இவளை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. எனக்கு இது சோம்பேறித்தனமாத் தெரியல.”

“எம்பிள்ளைக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? சொல்லிக்கொடுக்கத் துப்பில்லைன்னா அதைச் சொல்லுங்க!” என்று மற்ற ஆசிரியர்கள் காதுபடக் கத்திவிட்டு வந்தாள் செண்பகவல்லி.

கத்திவிட்டாளே தவிர, டீச்சர் சொன்னது நெஞ்சில் தைத்துக்கொண்டது. நாலு மாதம் கழித்து, கண் டெஸ்டுக்கு என்று கணவனிடம் சொல்லிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். திருநெல்வேலி பக்கம்தான், ஆனால் அங்கே சொந்தக்காரர்கள் அதிகம். அதனால் மதுரைக்குப் போனாள்.

இரண்டு நாள் பரிசோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: “கண்ணுல பழுதில்லை, புத்தியிலும் குறைவில்லை. இதுக்கு டிஸ்லெக்ஸியான்னு பேரு. எழுத்தைப் பார்த்துப் படிக்கிறதும் எழுதுறதும்தான் இவளுக்குச் சிக்கல். அடிச்சுத் திருத்துற விஷயம் இல்லம்மா இது. இந்தச் சான்றிதழைப் பள்ளிக்கூடத்துல குடுங்க. பொதுத்தேர்வுல இவ சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் போடுவாங்க. நேரமும் கூடுதலாக் கிடைக்கும்.”

செண்பகவல்லி கேட்ட முதல் கேள்வி இது: “வெளிய தெரியுமா டாக்டர்?”

திரும்பி வரும்போது சாத்தூர் தாண்டியதும் தனுஜா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, யார்கிட்டயும் சொல்லாத. அப்பாகிட்டக்கூட. கிளாஸ்ல தெரிஞ்சா செத்துருவேன். சத்தியம் பண்ணு.” தாய் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். எதையோ தலையில் சுமந்து வந்த தாய்க்கு அதை இறக்கிவைக்க இடம் கிடைத்தது போல இருந்தது.

அதற்குப் பிறகு அவள் மகளை அடிக்கவில்லை. சான்றிதழைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள்.

பத்தாம் வகுப்பில், தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய வாரம் டீச்சர் போன் செய்தார். “டாக்டரைப் பார்த்தீங்களாம்மா?”

“பார்த்தோம் டீச்சர். கண்ணுலதான் கோளாறாம். கண்ணாடி போட்டாச்சு.”

கடைசி நாளும் கடந்தது. தனுஜா தன் கையாலேயே எல்லாத் தேர்வையும் எழுதினாள். மே மாதம் முடிவு வந்தது. கணக்கில் எழுபத்தொன்று. தமிழிலும் சமூக அறிவியலிலும் தோல்வி.

அன்று மாலை டீச்சர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. “கண்ணாடி போட்டாச்சுன்னு சொன்னீங்க. அவ ஒருநாள்கூடக் கண்ணாடி போட்டு வரல. எனக்கு அப்பவே புரிஞ்சுது. மறுபடி ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். முன்ன வாங்கின பேச்சை நினைச்சுப் பேசாம இருந்துட்டேன்.”

சண்முகராஜ் தலை குனிந்தபடி சொன்னார்: “கேஸ் சிலிண்டர் புக்கைப் பீரோவுல தேடுறப்போ தையிலயே நான் அந்தச் சான்றிதழைப் பார்த்துட்டேன். அப்ப விண்ணப்பிக்க இன்னும் ஒரு வாரம் இருந்துச்சு. பெத்தவ மறைக்கிறான்னா காரணம் இருக்கும், அவளே சொல்லட்டும்னு இருந்தேன்.”

“நான் என்ன செய்ய? அவ தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். வாக்கை மீற முடியுமா?” என்றாள் செண்பகவல்லி.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த தனுஜா வாயைத் திறந்தாள். “பயந்துபோய்க் கேட்டேன். கேட்டதையெல்லாம் குடுத்துருவியாம்மா? மூணு வருசமா போன் கேக்குறேன், குடுத்தியா?”

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மூன்று பேருக்கும் உண்மை தெரியும். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் அவமானத்துக்கு அஞ்சினார், ஒருவர் மனைவியை நம்பினார், ஒருத்தி வாக்கைக் காத்தேன் என்கிறாள். இவர்களில் பெருங்குற்றம் யாருடையது?

விடை: டீச்சரின் கடமையையும் தகப்பனின் உரிமையையும் சொல்லிச் சிலர் வாதாடுவார்கள். அவர்கள் குற்றமும் குற்றம்தான். ஆனால் பெருங்குற்றம் தாயுடையது. அவள் வாயை அடைத்தது சத்தியம் அல்ல. மகள் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்பே தாய் கணவனிடம் பொய் சொல்லிவிட்டாள், ஊரை மாற்றிவிட்டாள், வெளியே தெரியுமா என்றும் கேட்டுவிட்டாள். வெட்கம் அவளுடையது, அதைப் பிள்ளையின் பயத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். இந்த விடையை அவளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுவாரமே சான்றிதழோடு தலைமை ஆசிரியர் முன் போய் நின்று, நாலு பேர் கேட்க, “என் மகளுக்கு டிஸ்லெக்ஸியா சார். இவ்வளவு நாள் மறைச்சது நான்தான்” என்றாள். துணைத்தேர்வில் தனுஜா சொல்லச் சொல்ல ஒருவர் எழுத, அவள் தேறினாள். எத்தனை மதிப்பெண் என்பதை மகள் தாயிடம் சொல்லவில்லை; பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் செண்பகவல்லி தெரிந்துகொண்டாள்.