ஈசல் ஏன் புற்றுக்குத் திரும்புவதில்லை

அந்தக் காலத்தில் கறையான்களும் ஓயாமல் பேசும். பேச்சு முற்றினால் வேலை நின்றுவிடும். ஒரு புற்றில் அப்படித்தான் ஒன்பது நாளாக வேலை நின்றிருந்தது. மழைக்காலம் வந்துவிட்டது, புற்றின் உச்சியை இன்னும் மூடவில்லை.

கீழே முட்டைகளுக்கு நடுவே, நகர முடியாத உடம்போடு தாய்க் கறையான் பெருவயிற்றாள் சண்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

"இந்தப் புத்து தானாவா முளைச்சுது? நாம கட்டினோம். அப்ப வெளியில இருக்கிறதையும் ஒருத்தர் கட்டித்தானே இருக்கணும்?" என்றான் செந்தலையன்.

"சரிடா, அவரைக் கட்டினது யாரு? உன் மாமனா?" என்றான் மொட்டைக்கொம்பன். கூட்டம் சிரித்தது.

"அவரை யாரும் கட்ட வேண்டாம். அவர் எப்பவும் இருக்கிறவர்."

"அவர் அப்படி இருக்கலாம்னா, வெளியும் அப்படியே இருந்துட்டுப் போகுது!"

"யாராவது உச்சியை மூடுங்கப்பா," என்றாள் பெருவயிற்றாள்.

"இது முடியட்டும் ஆத்தா."

அவளுக்கு அலுத்துவிட்டது. அந்தப் புற்றில் கண்ணும் சிறகும் வாய்த்தவள் அவள் மகள் வெள்ளாயி ஒருத்திதான். இருட்டில் இரண்டும் வீண் என்று எல்லோரும் கேலி பேசுவார்கள்.

"நீ வெளியில போய்ப் பார்த்துட்டு வாடி," என்று அவளை அனுப்பினாள்.

தூறல் விட்டதும் பறந்துபோன வெள்ளாயி, சிறகு உதிர்ந்து நடந்தே திரும்பினாள்.

"கட்டின ஆளைப் பார்த்தியா?" என்று கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"ஆளைப் பார்க்கல. வெளிச்சத்தைப் பார்த்தேன்."

"அது ஈரமா, காய்ஞ்சதா?"

"ரெண்டும் இல்ல."

"கடிச்சா பெயருமா?"

"கடிக்கவே முடியாது."

"அப்ப ஒண்ணுமில்லன்னு சொல்லு!" என்றான் மொட்டைக்கொம்பன்.

"கடிக்க முடியாதுன்னா அது அவரேதான்!" என்று குதித்தான் செந்தலையன்.

சண்டை இரட்டிப்பானது. வெள்ளாயி தாயருகே வந்து படுத்தாள்.

"உனக்காவது புரியுதா ஆத்தா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பெருவயிற்றாள் மகளின் முதுகில் சிறகு இருந்த இடத்தைத் தடவினாள். "இல்லடி," என்றாள்.

அப்போது பெருமழை திறந்த உச்சி வழியே இறங்கியது. பாதி முட்டைகள் மிதந்து போயின. சண்டைக்காரர்கள் இருவரும் வாய் நிறைய மண்ணைக் கவ்விக்கொண்டு உச்சியை மூட ஓடினார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு பெருவயிற்றாள் சொன்னாள்: "சிறகு முளைச்சவங்க போய்ப் பார்க்கட்டும். திரும்பி வந்து சொல்ல வேண்டாம். மத்தவங்க எல்லாம், வாயில மண்ணை வையுங்க."

அன்று முதல்தான், மழை விட்டதும் ஈசல்கள் வெளிச்சத்தைத் தேடிப் பறக்கின்றன. ஒன்றும் புற்றுக்குத் திரும்புவதில்லை. உள்ளே இருக்கும் கறையான்கள் வாயில் மண்ணோடு, எதுவும் கேட்காமல், கட்டிக்கொண்டே இருக்கின்றன.