எதிரே ஒரு ராஜா, பின்னால் ஒரு ராஜா

மாங்கொடி நாட்டு ராஜா கம்பீரவர்மருக்கு ஓர் ஆசை வந்துவிட்டால் லேசில் அடங்காது. ஒருநாள் அவர் காதில் முப்பரிமாணப் படம் என்ற பேச்சு விழுந்தது. படத்தில் இருப்பவர் திரையை விட்டு வெளியே வந்து நம் மூக்கருகே நிற்பாராம்.

"அப்படி நான் வர வேண்டும்!" என்றார் ராஜா.

கோடம்பாக்கத்திலிருந்து எஸ்தர் என்ற இயக்குநர் அம்மாவை வரவழைத்தார்கள். ராஜாவே கதாநாயகன். ஆறு மாடி உயரத்துக்குத் திரை கட்டினார்கள். தளபதி மார்த்தாண்டராயர் வில்லன். ஆனால் படத்தை வெட்டி ஒட்டி முடித்தபோது, அத்தனை பெரிய திரையிலும் அவருடைய மீசையின் இடப்பக்கம் மட்டும்தான் மிச்சமிருந்தது. அன்றிலிருந்து எஸ்தர் மேல் அவருக்குக் கடுங்கோபம்.

முதல் காட்சிக்கு ஊரே திரண்டு வந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தது. "இந்தத் திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து பார்த்தால்தான் நன்றாக இருக்கும்" என்று எஸ்தர் சொன்னதால், சிம்மாசனத்தைக் கடைசி வரிசைக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். அதற்கும் பின்னால் விசிறியோடு நின்றார், சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன பூவராகன்.

திரையில் ராஜா வாளை வீசினார். முன்வரிசைக்காரர்கள் அலறிக்கொண்டு குனிந்தார்கள். ஒரே கைதட்டல்!

"நிறுத்துங்கள்!" என்று எழுந்தார் தளபதி. "ராஜாவுக்கு முதுகு காட்டினால் பத்துக் கசையடி. இது நம் நாட்டுச் சட்டம். இங்கே அத்தனை பேரும் மகாராஜாவுக்கு முதுகு காட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களை இப்படி உட்காரவைத்த எஸ்தரைத்தான் முதலில் அடிக்க வேண்டும்!"

சனங்கள் பதறிப்போய் நாற்காலிகளைத் திருப்பி, ராஜாவைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"இப்போது திரையில் இருக்கும் மகாராஜாவுக்கு முதுகு காட்டுகிறீர்கள்! இன்னும் பத்து!"

"அது படம்தானே ஐயா?" என்றார் எஸ்தர்.

"படமா? அவரும் எங்கள் மகாராஜாதான்!"

ராஜாவுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. "ஆமாம், அவரும் நான்தான்" என்றார்.

வேறு வழியில்லாமல் எல்லோரும் பக்கவாட்டில் திரும்பினார்கள். ஒரு காது திரைக்கு, ஒரு காது சிம்மாசனத்துக்கு. படம் மறுபடி ஓடியது. திரையில் ராஜா புலியோடு புரண்டார். யானை மேல் ஏறினார். ஒரு கைதட்டல்கூட இல்லை.

"ஏன் சும்மா இருக்கிறீர்கள்?"

"சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், மகாராஜா."

ராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. தளபதி விடவில்லை. "முதலில் காட்டிய முதுகுகளுக்கு என்ன சொல்கிறீர்கள்? கசையைக் கொண்டுவரட்டுமா?"

எஸ்தரின் முகம் வெளுத்தது. "பூவராகரே, ஏதாவது சொல்லுங்களேன்!"

பூவராகன் விசிறியைக் கீழே வைத்தார். "தளபதியார் சொல்வது சரி. அடித்தே ஆக வேண்டும். ஆனால் பெரிய குற்றவாளியிலிருந்து தொடங்க வேண்டும், மகாராஜா. சற்றுமுன் ஒருவர் உங்களுக்கு முதுகு காட்டினார். மற்றவர்கள் காட்டியது ஒரு முழ முதுகு. அவர் காட்டியது நாற்பது முழம். போதாக்குறைக்கு அதை உங்கள் மூக்குநுனி வரை கொண்டுவந்து காட்டினார்."

ராஜா துள்ளி எழுந்தார். "யார் அந்தத் திமிர் பிடித்தவன்?"

"யானை மேல் ஏறியவர்."

பூவராகன் தளபதி பக்கம் திரும்பினார்.

"தளபதியாரே, அவரும் நம் மகாராஜாதான் என்று நீங்களே சொன்னீர்கள். எடுங்கள் கசையை. கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். இல்லாவிட்டால் ராஜா இரண்டிரண்டாகத் தெரிவார். எவரை அடிப்பது என்று குழம்பிப்போவீர்கள்."

தளபதிக்கு வியர்த்தது. "மகாராஜாவை நான் அடிப்பதா! அது... அது வெறும் வெளிச்சம்..."

"என்னையா வெளிச்சம் என்கிறீர்?" என்று சீறினார் ராஜா.

தளபதி பொத்தென்று உட்கார்ந்தார்.

"யானை மேல் ஏறியவரை மன்னித்துவிடுங்கள், மகாராஜா" என்றார் பூவராகன். "ஆனால் நாற்பது முழத்தை விட்டுவிட்டு ஒரு முழத்தை அடித்தால், பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?"

ராஜா முறைத்தார். பிறகு அவருடைய தொந்தி மெல்லக் குலுங்கத் தொடங்கியது. கடைசியில் சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார். "எல்லா முதுகையும் மன்னித்தேன்! அந்தச் சட்டமும் இன்றோடு ஒழிந்தது!" என்று தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டார்.

நாற்காலிகள் தடதடவென்று திரையை நோக்கித் திரும்பின. ராஜா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எஸ்தரை அருகே அழைத்தார்.

"அம்மா, அந்த முதுகை இன்னொரு தடவை போடுங்கள். பாவம், இவர்கள் யாரும் பார்க்கவே இல்லை."