அட்டையின் மூன்றாவது வரி

சவரிமுத்து வேலை கற்றுக்கொள்ள வந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. கற்றுக்கொடுக்க வேண்டிய ஷம்ஷாத்துக்கு முப்பத்தாறு.

திருச்சியில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது ஷம்ஷாத்தின் கடை. பழைய லேப்டாப்புகளை வாங்கிச் சரிசெய்து விற்பார். வருகிறவற்றில் பாதி பூட்டியே வரும். விற்றவர் பாஸ்வேர்டைச் சொல்ல மறந்திருப்பார், அல்லது பாஸ்வேர்டையே மறந்திருப்பார். அவற்றைத் திறப்பதில் ஷம்ஷாத்தை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

சவரிமுத்து முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பஸ்ஸில் ஏறியதுமே, யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். யாரையும் கேட்கத் தேவையில்லை என்பது அவருடைய பெருமை. ஓய்வு பெற்ற பிறகு வேலை போய்விட்டது, பெருமை மட்டும் கூடவே இருந்தது.

"இந்த வயசுல எதுக்கு சார் இந்த வேலை?" என்று கேட்டார் ஷம்ஷாத்.

சவரிமுத்து ஒளிக்கவில்லை. துணிப்பையிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"என் பொண்ணு ஜெசிந்தாவோடது. மூணு வருஷத்துக்கு முன்னாடி வீட்டை விட்டுப் போயிட்டா. துணியும் சர்ட்டிஃபிகேட்டும் எடுத்துக்கிட்டா, இதை வச்சிட்டுப் போயிட்டா. ஏன் போனான்னு இதுக்குள்ள இருக்கும்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"ஓசூர்ல. ஏதோ கம்பெனியில வேலை. கிறிஸ்துமஸுக்கு போன்ல ஒரு படம் அனுப்புவா. நானும் ஒரு படம் அனுப்புவேன். அவ்வளவுதான்."

"குடுத்துட்டுப் போங்களேன். நானே திறந்து தர்றேன்."

"வேற யாரும் அதைப் பாக்கக் கூடாது. நானே திறக்கணும். அதுக்குத்தான் கத்துக்க வந்தேன்."

ஷம்ஷாத் லேப்டாப்பைத் தொடவில்லை.

"அது உங்க பையிலேயே இருக்கட்டும். முதல்லேருந்து கத்துக்கணும், பரவாயில்லையா?"

"எதுன்னாலும் சரி, டீச்சர்."

"பேர் சொல்லியே கூப்பிடுங்க சார். உங்க பொண்ணு மாதிரிதான் நானும்."

"கத்துக்குடுக்கிறவங்க டீச்சர்தான்" என்றார் சவரிமுத்து. அதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

மறுநாள் ஷம்ஷாத் அவரிடம் ஸ்குரூ டிரைவரைக் கொடுக்கவில்லை. நூல் கோத்த ஒரு சின்ன அட்டையைக் கொடுத்தார். அந்தக் கடையில் பூட்டி வந்த ஒவ்வொரு லேப்டாப்பிலும் அப்படி ஓர் அட்டை தொங்கும். அதில் மூன்று வரிகள். யாருடையது? கேட்டாயிற்றா? என்ன சொன்னார்?

"யார் வச்சிருந்தாங்களோ அவங்களுக்கு போன் பண்ணுங்க. பாஸ்வேர்டைக் கேளுங்க. மூணாவது வரியில அவங்க சொன்னதை அப்படியே எழுதுங்க."

"அப்புறம்?"

"அப்புறம்தான் மத்ததெல்லாம்."

முதல் லேப்டாப் ஒரு வங்கி மேலாளருடையது. சவரிமுத்து நான்கு முறை கூப்பிட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் மூன்றாவது வரியில் 'மறந்துவிட்டார்' என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்தார்.

ஷம்ஷாத் அட்டையைப் படித்தார்.

"இதை அவர் சொன்னாரா?"

"எடுக்கவே இல்லையே. மறந்துதான் இருப்பாரு. ஞாபகம் இருந்தா எடுத்திருக்க மாட்டாரா?"

"அப்ப இது நீங்க சொன்னது."

ஷம்ஷாத் அட்டையைக் கிழித்துப்போட்டார். புது அட்டை ஒன்றை எடுத்துக் கட்டினார்.

"நாளைக்கும் கூப்பிடணும், சார்."

மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும் கூப்பிட்டார். ஐந்தாம் நாள் சவரிமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது.

"டீச்சர், நீங்க நினைச்சா அஞ்சு நிமிஷத்துல திறந்துருவீங்க. நாம அஞ்சு நாளா போன்ல தொங்கிக்கிட்டு இருக்கோம். இது எதுக்கு?"

ஷம்ஷாத் அட்டையை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார். சாப்பாட்டு நேரம் வந்தது. சவரிமுத்து கை கழுவப் போனார். திரும்பி வந்து பார்த்தால் ஷம்ஷாத் அவருடைய டிபன் டப்பாவைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அடிப்பிடித்த சோறும் ஓர் ஓரமாக எலுமிச்சை ஊறுகாயும் இருந்தன. மனைவி இறந்த பிறகு அவரே பொங்கித் தின்கிற சோறு அது.

சவரிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன டீச்சர் இது? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

ஷம்ஷாத் டப்பாவை மூடினார். அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"கொஞ்சம் ஊறுகாய் தருவீங்களா, சார்?"

"இதுக்கென்ன, எடுத்துக்குங்க. நானே போட்டது." சவரிமுத்து அவசரமாக டப்பாவைத் திறந்து, பாதி ஊறுகாயை அவர் தட்டில் வைத்தார்.

ஷம்ஷாத் சாப்பிட்டார். உப்புச் சரியாக இருக்கிறது என்றார். சவரிமுத்து அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆறாம் நாள் மேலாளர் போனை எடுத்தார். மருத்துவமனையில் இருந்தேன் என்றார். பாஸ்வேர்டு அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

ஏழு மாதம் ஓடியது. ஷம்ஷாத் எதையும் மறைக்காமல் கற்றுக்கொடுத்தார். பென் டிரைவ் வழியாக உள்ளே போவது, டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிப்பது, யாரும் படிக்க முடியாதபடி அழிப்பது எல்லாம் சவரிமுத்துவின் கைக்கு வந்தன. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் போன்தான். ஒருவர் பாஸ்வேர்டைச் சொல்ல வெட்கப்பட்டார். ஒருவர், "வித்த பொருளுக்கு என்னய்யா விசாரணை" என்று கத்தினார். அதையும் சவரிமுத்து அப்படியே அட்டையில் எழுதினார். கரூரிலிருந்து ஓர் அம்மா நாற்பது நிமிடம் ஊர்க்கதை பேசிவிட்டு, கடைசியில் பாஸ்வேர்டு நினைவுக்கு வந்ததும் குழந்தை மாதிரிச் சிரித்தார். முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவது இவ்வளவு சுலபமா என்று சவரிமுத்துவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

துணிப்பை தினமும் அவருடன் வந்து, தினமும் அவருடன் திரும்பிப் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் பையிலிருந்து லேப்டாப்பை வெளியே எடுத்தார்.

"டீச்சர், இன்னைக்கு இதைத் திறக்கப்போறேன்."

"சரி, சார்."

தடுப்பார் என்று நினைத்திருந்தார். ஷம்ஷாத் தடுக்கவில்லை. சவரிமுத்து லேப்டாப்பைக் கவிழ்த்து ஸ்குரூக்களைக் கழற்றத் தொடங்கினார். மொத்தம் ஒன்பது. ஏழு கழன்றதும் ஷம்ஷாத் வந்து ஓர் அட்டையைப் பக்கத்தில் வைத்தார்.

"அட்டை இல்லாம எந்த மிஷினும் இந்த மேசைக்கு வர்றதில்ல."

சவரிமுத்து முதல் வரியில் 'ஜெசிந்தா' என்று எழுதினார். இரண்டாவது வரியில் பேனா நின்றது.

"இது நான் வாங்கிக் குடுத்தது, டீச்சர். செகண்ட் ஹாண்டுதான், ஆனா நான் வாங்கிக் குடுத்தது."

ஷம்ஷாத் விரலால் இரண்டாவது வரியைத் தொட்டுக் காட்டினார்.

சவரிமுத்து இரண்டாவது வரியைத் தாண்டிப் போய் மூன்றாவது வரியில் 'சொல்ல மாட்டாள்' என்று எழுதினார்.

ஷம்ஷாத் குனிந்து படித்தார்.

"இதை ஜெசிந்தா சொன்னாங்களா?"

சவரிமுத்து தலை குனிந்தார். மேசையில் இருந்த ஸ்குரூ ஒன்றை விரலால் அப்படியும் இப்படியும் உருட்டினார்.

இந்த முறை ஷம்ஷாத் அட்டையைக் கிழிக்கவில்லை. அதன் பக்கத்தில் புது அட்டை ஒன்றை வைத்தார்.

"நான் கீழ போய் டீ குடிச்சிட்டு வர்றேன், சார்."

அவர் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகு கடையில் மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. இரண்டு ஸ்குரூதான் பாக்கி. டிஸ்க்கை மாட்டினால் ஐந்து நிமிடம். சவரிமுத்து ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

ஷம்ஷாத் டீ குடித்துவிட்டு வந்தபோது சவரிமுத்து மேசையில் இல்லை. லேப்டாப்பில் ஒன்பது ஸ்குரூவும் திரும்ப மாட்டப்பட்டிருந்தன. மொட்டைமாடிக்குப் போகும் படியிலிருந்து அவர் குரல் லேசாகக் கேட்டது. ஷம்ஷாத் படிப்பக்கம் இருந்த கதவைச் சாத்திவிட்டு வேறு வேலை பார்த்தார்.

வெகுநேரம் கழித்து சவரிமுத்து உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஷம்ஷாத் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்தார்.

"எடுத்தாங்களா?"

"முதல் மணியிலேயே எடுத்துட்டா. எடுத்ததும், 'எந்த ஆஸ்பத்திரிப்பா?'ன்னு கேட்டா." சவரிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். "சும்மாதான் கூப்பிட்டேன்னு சொன்னேன். அவ நம்பவே இல்ல, டீச்சர். அதை நம்ப வைக்கவே பத்து நிமிஷம் ஆச்சு."

"அப்புறம்?"

"ஏன்மா போனேன்னு கேட்டேன். சொன்னா."

அவர் அட்டையை நீட்டினார். மூன்றாவது வரியில் நுணுக்கி எழுதியிருந்தது: 'வீட்டுல பீரோ நிக்குது, ஃபிரிட்ஜ் நிக்குது, அவளும் இருக்கா.'

ஷம்ஷாத் இரண்டு முறை படித்தார்.

"இது ஜெசிந்தா சொன்னதா, நீங்க சொன்னதா?"

"நான் சொன்னது. அவ நாலாவது தடவையும் பரீட்சையில தேறல. ரிசல்ட் வந்த அன்னைக்கு என் சிநேகிதன் ஒருத்தன் போன் பண்ணி, பொண்ணு என்ன பண்றான்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கேன். அவ கதவுக்குப் பின்னாடி நின்னிருக்கா." சவரிமுத்து லேப்டாப்பின் மூடியைத் தடவினார். "எனக்கு ஞாபகமே இல்ல, டீச்சர். சொன்னதும் ஞாபகம் இல்ல, சிரிச்சதும் ஞாபகம் இல்ல. அவ ஒரு எழுத்து மாறாம சொல்றா."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டிக்கெட் எடுக்காமல் பிடிபட்டவர்களும் இப்படித்தான் முகத்தை மூடிக்கொள்வார்கள். எத்தனையோ பேரை அவர் அப்படிப் பார்த்து நின்றிருக்கிறார்.

ஷம்ஷாத் டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றி வைத்தார்.

"தப்புதாம்மான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, வேலை இருக்குப்பான்னு வச்சிட்டா. மன்னிச்சாளா இல்லையான்னு தெரியல, டீச்சர். அவளுக்கு மனசு ஆறியிருக்காதுன்னுதான்…" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஷம்ஷாத் அந்த அட்டையை லேப்டாப்பில் கட்டினார். நூலை இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

"பாஸ்வேர்டு என்ன சொன்னாங்க?"

சவரிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"அதைக் கேக்க மறந்துட்டேன்."

ஷம்ஷாத் இழுப்பறையைத் திறந்து புது அட்டை ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அப்ப நாளைக்கும் கூப்பிடணும், சார்."